முகநோவும் மூளைப் படமும்

உடலில் எழும் உணர்ச்சிகளுள் நோவு தனித்தன்மை வாய்ந்தது. சூட்டை வெப்பமானி காட்டும். ஒலியைப் பக்கத்தில் நிற்பவரும் கேட்பர். நோவையோ அதனை உற்றவர் ஒருவரே அறிவர். மற்றையோர் அவர்தம் வாய்ச்சொல்லைக் கொண்டும் முகக்குறிப்பைக் கொண்டும் உய்த்துணர்வதன்றி வேறு வழியில்லை. நோவு முகத்திலேயே எழுமாயின் இவ்விரு சாட்சிகளும் குலைந்துவிடுகின்றன. பேச வாயெடுத்தால் நோவு பாயும். முகத்தைச் சிறிது அசைத்தாலும் பாயும். ஆதலின் நோயாளி வாளாவிருப்பார். அவர் கன்னத்திலோ காயமில்லை, வீக்கமில்லை, சிவப்புமில்லை. அவர் சொல்லை ஐயுற்றோர் பலர். அவர் பல்லைப் பிடுங்கினோர் அதனினும் பலர். முகநோவு எங்கே எழுகின்றது, எவ்வழியாகச் செல்கின்றது, எவ்விடத்தில் நோவாக உணரப்படுகின்றது என்னும் வினாக்களுக்கு ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகளாக மேலைநாட்டு வைத்தியர் விடை தேடிய வரலாற்றையும், அத்தேட்டத்தில் மூளையைப் படம் பிடிக்கும் கருவிகள் புகுந்து விளைத்த மாற்றத்தையும் இக்கட்டுரையில் நோக்குவாம்.

மெய்யியலார் என உலகம் போற்றும் யோன் லொக் வைத்தியமும் கற்றவர். அவர் 1677 ஆம் ஆண்டிற் பாரிசு நகரில் தங்கியிருந்தபோது, ஆங்கிலத் தூதுவரின் மனைவியாராகிய நோதம்பலாந்துச் சீமாட்டியைப் பார்க்க அழைக்கப்பட்டார். சீமாட்டியின் முகத்தில் ஒரு பக்கத்தே நெருப்புப் பாய்ந்தாற் போன்ற நோவு திடீரென எழுந்து, சிறிது பொழுதில் அடங்கி, மீண்டும் மீண்டும் எழுந்தது. பல் பிடுங்கப்பட்டும் நோவு ஒழிந்திலது. லொக் தாம் கண்டவற்றையெல்லாம் தம் வைத்திய நண்பராகிய மேப்பிள்ரொவ்ற்று என்பாருக்குக் கடிதங்களாக எழுதினார். மனிதன் அறிவெல்லாம் புலன்வழியே பெறப்படுவது என்று பின்னாளில் நிலைநாட்ட முயன்ற அவ்வறிஞர், தம் புலன் எதற்கும் எட்டாத ஒன்றை இன்னொருவரின் கூக்குரலைக் கொண்டு அறிய வேண்டியிருந்தமை எண்ணத்தக்கது.

அடுத்த நூற்றாண்டில் இந்நோய் பெயர் பெற்றது. பிரான்சு தேசத்துச் சத்திர வைத்தியர் நிக்கலா அந்திரே 1756 இல் இதனை 'நோவுடைய துடிப்பு' எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரால் வழங்கினார். இலண்டன் வைத்தியர் யோன் பொதர்கில் 1773 இல் அந்நகர வைத்தியச் சங்கத்தில் வாசித்த கட்டுரையோ இன்று வாசிப்பினும் குறைகாண இயலாத அளவு தெளிவுடையது. நோவு திடீரென வருவது, அரை நிமிடத்துக்குள் தணிவது, உண்ணுதல் பேசுதல் தொடுதல் ஆகியவற்றால் தூண்டப்படுவது ஆகிய அடையாளங்கள் யாவும் அதிற் காணப்படுகின்றன. நோயை இவ்வளவு நுணுகிக் கண்டவர்கள் அதன் இடத்தை மட்டும் அறிந்தாரல்லர்.

இடம் அறியாமையின் பயன் கொடியதாயிற்று. முகத்தில் இரு பெரு நரம்புகள் பரந்துள்ளன. மண்டை நரம்புகளுள் ஐந்தாவது நெற்றி, மேற்றாடை, கீழ்த்தாடை என மூன்று கிளையாகப் பிரிந்து அப்பகுதிகளின் உணர்ச்சியைச் சுமந்து செல்வது. முக்கிளை நரம்பு என்பது இதுவே. ஏழாவது முகத் தசைகளை அசைப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வேறுபாடு தெளியப்படாமையால், சத்திர வைத்தியர் சிலர் நோவை ஒழிப்பான் வேண்டி ஏழாம் நரம்பை அறுத்தனர். முகம் கோணிற்று, நோவு நின்றபடியே நின்றது. சாள்ஸ் பெல் 1821 இல் இலண்டன் வேத்தியற் கழகத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியும், அதனைத் தொடர்ந்து மசாண்டி, மேயோ என்போர் செய்த திருத்தங்களுமே இவ்விரு நரம்புகளின் தொழிலை வேறுபடுத்திக் காட்டின. பெல் எல்லாவற்றையும் சரியாகக் கூறினாரல்லர். முதன்மை பற்றி அவருக்கும் மசாண்டிக்கும் இடையே எழுந்த வழக்கும் பெரிது. எனினும் அதன்பின் முகநோவுக்கென ஏழாம் நரம்பை அறுப்பதற்கு நியாயமில்லாது போயிற்று.

இனி அறுக்க வேண்டுவது ஐந்தாம் நரம்பு என்பது தெளிந்தது. கன்னத்திலும் தாடையிலும் அதன் கிளைகளை அறுத்தனர். சில மாதம் கழித்து நரம்பு தளிர்த்தது, நோவும் தளிர்த்தது. ஆகவே வேரை நோக்கி உள்ளே சென்றனர். இலண்டனில் வில்லியம் றோஸ் 1890 இல் மண்டையின் அடியிலுள்ள அந்நரம்பின் திரட்டையே நீக்க முயன்றார். 1891 இல் விக்ரர் ஹோஸ்லி மண்டையோட்டைத் திறந்து உட்சென்று நரம்பின் வேரைப் பறித்தார். நோயாளி சில மணி நேரத்தில் இறந்தார். ஹாட்லி அமெரிக்காவிலும், கிறௌசே யேர்மனியிலும், பின்னர்க் கூசிங் என்பாரும் இம்முறையைப் படிப்படியாகத் திருத்தினர். 1901 இல் ஸ்பில்லர், பிறேசியர் என்னும் இருவர் திரட்டை விடுத்து அதன் பின்னேயுள்ள உணர்ச்சி வேரை அறுக்கும் முறையைக் கொணர்ந்தமையால் உயிராபத்து மிகக் குறைந்தது. வால்ற்றர் டான்டி வேறொரு வழியாகப் பின்புறத்தே சென்று, 1934 இல் 215 நோயாளரிடம் தாம் கண்டவற்றை வெளியிட்டபோது, பலரிடத்தில் நாடியொன்று நரம்பின் வேரை நெருக்கி நிற்பதைச் சுட்டினார். பீற்றர் ஜனெற்றா 1967 முதல் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு நரம்பை அறுக்காமலே நாடியை விலக்கி வைக்கும் முறையைப் பரப்பினார். அதற்கு முன்னரே, 1962 இல், சுவீடன் வைத்தியர் புளொம் வலிப்பு நோய்க்குரிய காபமசெப்பீன் என்னும் மருந்து இந்நோவையும் தணிக்குமெனக் காட்டியிருந்தார்.

இச்சத்திரசிகிச்சைகளின் கதையில் இரு செய்திகளை நிறுத்தி நோக்குதல் வேண்டும். ஒன்று சுவீடன் தேசத்துச் சோக்விஸ்ற்று என்பவர் 1937 இல் செய்தது. அவர் நரம்பை அறுக்கவில்லை. மூளைத் தண்டினுள் இறங்கிச் செல்லும் அதன் உள்வழியை அறுத்தார். நோவும் சூடு குளிர் உணர்ச்சியும் முகத்தினின்று அகன்றன. தொடுகையுணர்ச்சியோ எஞ்சி நின்றது. ஒரே நரம்பில் வந்த உணர்ச்சிகள் மூளைத் தண்டிற் புகுந்தபின் வழிபிரிந்து செல்கின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மற்றையது சத்திர வைத்தியர் எவரும் விரும்பாத ஒன்று. வேர் முழுவதும் அறுபட்ட நோயாளருட் சிலருக்கு முகம் மரத்துப் போயிற்று. ஊசியாற் குத்தினும் உணர்ச்சியில்லை. அம்மரத்த முகத்திலேயே எரிவும் நோவும் ஓயாது நிலைத்தன. 'நோவுடைய மரப்பு' என இதனை நூல்கள் கூறும். செய்தி கொண்டுவரும் கம்பி அறுந்தது. செய்தி மட்டும் வந்துகொண்டேயிருந்தது. நோவை ஒரு மணிக்கயிறு போலக் கருதி, முகத்தில் இழுத்தால் மூளையில் மணி ஒலிக்கும் எனக் கொண்ட பழைய கொள்கைக்கு இந்நோயாளர் விடுத்த வினாவுக்கு அக்காலத்தில் விடையில்லை. ஆராய்ச்சி முகத்தை விட்டு மூளைக்குச் செல்ல வேண்டியதன் காரணம் இவர்கள்பால் நன்கு விளங்குகின்றது.

மூளையிலும் நோவின் இடம் எளிதிற் கிட்டவில்லை. ஹென்றி ஹெட், கோடன் ஹோம்சு ஆகியோர் 1911 இல், மூளை பழுதுற்ற நோயாளரை ஆராய்ந்து, நோவு உணரப்படும் இடம் மூளையின் நடுவேயுள்ள பரிவகமே. மேற்பட்டைக்கு அதிற் பங்கு மிகச் சிறிது என்றனர். மொன்றியலில் வைல்டர் பென்பீல்டும் போல்டிறியும் 1937 இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு அரண் செய்வது போலிருந்தது. விழித்திருக்கும் 163 நோயாளரின் மூளை மேற்பட்டையை மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டு, அவர்கள் உணர்ந்ததைக் கேட்டு எழுதினர். உதடும் நாக்கும் முகமும் உடம்பின் அளவுக்கு ஒவ்வாத பேரிடத்தை மேற்பட்டையிற் கொண்டிருந்தன. ஆயின் கூச்சமும் மரப்பும் உணர்ந்தவர் பலராக, நோவை உணர்ந்தவர் மிக அரியராயினர். முகத்துக்கு மேற்பட்டையிற் பெருநிலம் உண்டு. முகநோவுக்கு அங்கே குடியிருப்பு இல்லை! மெல்சாக்கும் வோலும் 1965 இல் வெளியிட்ட 'வாயிற் கொள்கை', நோவுச் செய்தி வழியிலேயே தடுக்கவும் விடவும் படுகின்றது என்றும், மேலிருந்து மூளையும் அவ்வாயிலைத் திறக்கவும் அடைக்கவும் வல்லது என்றும் கூறிற்று. ஆனால் உயிரோடிருக்கும் மனிதனின் மூளையில் இவற்றைக் காணும் கருவி அன்றில்லை.

அக்கருவிக்கு அடிப்படையான உண்மை 1890 இலேயே கூறப்பட்டுவிட்டது. மூளையின் ஒரு பகுதி தொழிற்படும்போது அப்பகுதிக்குக் குருதி மிகுதியாகப் பாய்கின்றது என்று றோய், செறிங்ரன் ஆகியோர் கேம்பிரிச்சிற் காட்டினர். நம் தோட்டங்களில் வாய்க்கால் நீர் எந்தப் பாத்திக்குத் திருப்பப்படுகின்றது என்பதைத் தூரத்தே நின்று காண்பவன், அப்பாத்தியிற் பயிர் உண்டென ஊகித்துக்கொள்வான். இன்ன பயிர் என்று அவனாற் சொல்ல இயலாது. மூளைப் படங்களின் வன்மையும் மென்மையும் இவ்வளவே. எஞ்சிய கட்டுரை முழுவதும் வாசகர் இதனை மனத்திருத்துதல் நன்று.

பொசித்திரன் படமுறையிற் கதிர்த்தொழிற்பாடுடைய ஒட்சிசன் கலந்த நீர் நாளத்திற் செலுத்தப்படும். அதன் அரைவாழ்வு ஏறத்தாழ இரண்டு நிமிடம். அது குருதியோடு எங்கே மிகுதியாகச் செல்கின்றது என்பதை வெளியிலுள்ள உணரிகள் கணிக்கும். 1991 இல் மொன்றியலிலும் இலண்டனிலும் இரு குழுவினர் தனித்தனியே இம்முறையால் நோவை ஆராய்ந்தனர். கையில் நோகும் சூட்டையும் நோகாத சூட்டையும் மாறி மாறி வைத்துப் படங்களை ஒப்பிட்டபோது, மூளையின் நடுப்பிளவை அடுத்துள்ள முன்வளைய மேற்பட்டை இரு குழுவினரின் படத்திலும் ஒளிர்ந்தது. உணர்ச்சி மேற்பட்டை ஒளிர்ந்ததென மொன்றியற் குழுவினர் கூற, இலண்டன் குழுவினர் அதனைக் கண்டாரல்லர். பல ஆண்டு நீடித்த இவ்விவாதத்தில் நோவு ஒரு 'நிலையம்' உடையது என்னும் எண்ணம் கரைந்தது. பல இடங்கள் கூடி நிகழ்த்தும் நிகழ்ச்சி அது என்பது வலுத்தது. 1997 இல் மொன்றியலில் றேன்வில் என்பவரும் பிறரும், அறிதுயிலில் ஆழ்த்தி 'இந்நோவு அவ்வளவு தொல்லையன்று' எனக் கருத்தூட்டியபோது, சூட்டின் அளவு மாறாதிருக்க முன்வளைய மேற்பட்டையின் ஒளிர்வு மாறியதைக் கண்டனர். நோவின் கடுமை வேறு, அதனால் வரும் துன்பம் வேறு என்பதற்கு மூளையிலும் ஆதாரம் கிடைத்தது.

இவையெல்லாம் கைநோவு பற்றியன. முகத்தையும் தலையையும் பற்றிய ஆராய்ச்சியில் எமக்கு மிகச் சிறந்ததாகத் தோன்றுவது 1998 இல் வெளிவந்தது. கொத்துத் தலையிடி என்பது கண்ணைச் சுற்றி ஒரு பக்கத்தே வரும் கொடிய நோவு. நாளின் ஒரே நேரத்தில், ஆண்டின் ஒரே பருவத்தில் வருவது பெரும்பான்மை. ஆண் மக்களும் சுவரில் தலையை மோதிக் கதறுவர். இலண்டனில் ஆர்ண் மேயும் குழுவினரும் இந்நோயாளர் ஒன்பதின்மருக்கு நோவு எழுந்தபோது படம் பிடித்தனர். பல இடங்கள் ஒளிர்ந்தன. ஒளிர்ந்தவற்றுள் நோய்க்குக் காரணமானது எது, நோவினால் விளைந்தது எது? இதனைத் தெளிய அவர்கள் செய்த உபாயம் போற்றத்தக்கது. நோயற்றவர்களின் நெற்றித் தோலில் மிளகாயின் உறைப்புச் சத்தை ஊசியால் ஏற்றி, அதே பகுதியில், அதே நரம்பின் வழியே நோவை உண்டாக்கிப் படம் பிடித்தனர். முன்வளைய மேற்பட்டை முதலியன இவர்களிடத்திலும் ஒளிர்ந்தன. மூளையின் அடியில் உடலின் நாட்கடிகாரத்தோடு தொடர்புடைய பரிவகக்கீழ்ப் பகுதி மட்டும் ஒளிரவில்லை. ஆகவே அப்பகுதி நோவின் விளைவன்று, நோய்க்கு உரியது எனக் கொண்டனர். கடிகாரம் போலக் காலம் தவறாது வரும் நோய்க்குக் கடிகாரப் பகுதியே தொடர்புடையதாகக் காணப்பட்டமை வியப்பே.

இப்படத்தை நம்பி மிலான் நகர வைத்தியர் அவ்விடத்தில் மின்வாய் ஒன்றைச் செலுத்தி நோய் தணிந்ததென 2001 இல் அறிவித்தனர். சரித்திரம் இதனோடு நின்றிருந்தால் மூளைப் படத்துக்குப் பெருவெற்றியாயிருக்கும். 2010 இல் பிரான்சில் 11 நோயாளரிடத்து மின்னோட்டம் உள்ளபோதும் இல்லாதபோதும் ஒப்பிட்டுச் செய்த சோதனையில், அவ்வொப்பீட்டுக் காலத்துள் வேறுபாடு காணப்படவில்லை. பின்னர் நெடுங்காலம் மின்னோட்டம் கொடுக்கப்பட்டவருட் பலர் நலம் கண்டனர். மின்வாய் நின்ற இடம் பரிவகக்கீழுக்குப் பின்னேயுள்ள பகுதி என்று கூறியோரும் உளர். படம் காட்டும் இடம் சில மில்லிமீற்றர் வழுவலாம். மூளையில் சில மில்லிமீற்றர் என்பது ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் உள்ள தூரம்.

நுண்மை வேண்டினோர்க்குக் காந்தப் பரிவுப் படம் கைகொடுத்தது. ஒட்சிசன் ஏற்ற குருதியும் அதனை இழந்த குருதியும் காந்தத்தின்பால் வேறு வேறாக நடந்துகொள்கின்றன என்று பௌலிங்கும் கோறியலும் 1936 இற் கண்ட உண்மையை, 1990 இற் செய்ஜி ஒகாவா மூளைப் படமாக மாற்றினார். இம்முறையில் நாளத்தில் ஏதும் செலுத்த வேண்டியதில்லை. ஆதலின் ஒருவரைப் பன்முறை படம் பிடிக்கலாம். பொஸ்ரனில் டசில்வா, போசூக்கு முதலியோர் 2002 இல், நலமுள்ளவர்களின் நெற்றி, கன்னம், தாடை ஆகிய மூன்றிடத்தும் நோகும் சூட்டைத் தனித்தனியே வைத்து, மூளைத் தண்டிலுள்ள முக்கிளை நரம்பின் கருவிலும் பரிவகத்திலும் மேற்பட்டையிலும் அம்மூன்றுக்கும் உரிய இடங்களை வேறுபிரித்துக் காட்டினர். அடுத்த ஆண்டில் நரம்புத் திரட்டிலேயே அவ்வேறுபாட்டைக் கண்டனர். றோஸ் அறுத்தெடுக்க முயன்ற அதே திரட்டு, நூற்றுப் பதின்மூன்று ஆண்டு கழித்து, முகத்தில் ஒரு கீறலுமின்றித் தொழிற்படும்போதே காணப்பட்டது. அக்கரு சில மில்லிமீற்றர் அகலமே உடையது. நாடித் துடிப்போடு மூளைத் தண்டும் அசைந்துகொண்டேயிருக்கும். அசையும் படகிலிருந்து கரையிலுள்ள எழுத்தை வாசிப்பது போன்ற வேலை அது.

நோயாளரிடத்துச் செய்த ஆராய்ச்சிகளுள் சிட்னியிற் கஸ்ரின் என்பவரும் பிறரும் 2011 இல் வெளியிட்டதையும் சொல்லலாம். முக்கிளை நரம்பு பழுதுற்று நோவுடையோரின் பரிவகத்திற் கனவளவு குறைந்திருந்தது. தாடை மூட்டின் தசை நோவுடையோரிடத்து அக்குறைவு காணப்படவில்லை. வெளிக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு முகநோவுகள் மூளையில் ஒன்றல்ல.

இவற்றைக் கேட்ட மாணவர், இனி ஒருவருக்கு நோவு உண்டா இல்லையா என்பதைப் படமே சொல்லிவிடும் என எண்ணுதல் கூடும். அவ்வாறு எண்ணியோர் கற்றோருள்ளும் இருந்தனர். நட்டஈட்டு வழக்குகளில் மூளைப் படத்தைச் சான்றாக்கவும் முயன்றனர். இதில் யாம் உடன்படுவதற்கில்லை. கணித முறை வழுவினால் படம் எதனையும் காட்டும் என்பதை விளக்க, 2009 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் பெனற்று என்பவரும் பிறரும் இறந்த மீனொன்றைக் கருவியில் வைத்து, அதன் மூளையும் 'ஒளிர்ந்த' படத்தைக் காட்டினர். அது வேடிக்கை, 2016 இல் வெளிவந்த சலமன்சு என்பாரின் ஆராய்ச்சியோ வேடிக்கையன்று. பிறவியிலேயே நோவு என்பதை அறியாத இருவரைப் படம் பிடித்தபோது, நோவின் அடையாளம் எனப் பலரும் கொண்டிருந்த அவ்விடங்களெல்லாம் அவர்களிடத்தும், நலமுள்ளவரிடத்துப் போலவே ஒளிர்ந்தன. தோலில் ஏதோ உறுத்தியதை மூளை கவனித்தது, நோவு இல்லை. வாய்க்காலில் நீர் பாய்ந்தது. எண்ணிய பயிர் அங்கில்லை. டான்டி கண்ட நாடியின் கதையும் இத்தகையதே: நரம்பை நாடி தொட்டு நிற்பதை இக்காலப் படங்களில் நோவே அறியாத பலரிடத்தும் காண்கின்றோம்.

வேகர் என்பாரும் குழுவினரும் 2013 இல் 114 பேரிடத்து ஆராய்ந்து, நோகும் சூட்டையும் நோகாத சூட்டையும் வேறுபிரிக்கவல்ல மூளைக் குறி ஒன்றைக் கணித்தது உண்மையே. அது நலமுள்ளவர் கையில் வைத்த சூட்டைப் பற்றியது. நெடுநாள் முகநோவுடையவரைப் பற்றி அது தீர்ப்புக் கூறாது. நோவு ஆராய்ச்சிக்கான சர்வதேசக் கழகம் அமைத்த குழுவினர் 2017 இல் இவ்விடயத்தை ஆராய்ந்து, ஒருவருக்கு நோவு உண்டெனவோ இல்லையெனவோ நிறுவ மூளைப் படத்தைப் பயன்படுத்தல் தகாது என அறிவுறுத்தினர். நோயாளியின் பல்லைப் பிடுங்கிய காலம் போய், அவர் சொல்லைப் பிடுங்கும் காலம் வந்துவிடலாகாதன்றோ!

படத்துக்குரிய தொழில் வேறு. அதற்கு எடுத்துக்காட்டாக ஹம்பேக்கில் சூல்ற்றே, மே ஆகிய இருவர் 2016 இல் வெளியிட்ட ஆராய்ச்சியைக் கூறலாம். ஒற்றைத் தலையிடியுடைய ஒரு பெண்மணியை முப்பது நாள் தொடர்ந்து நாள்தோறும் படம் பிடித்தனர். ஒவ்வொரு நாளும் மூக்கினுள் சிறிது அம்மோனியா வாயுவைச் செலுத்தி முக்கிளை நரம்பை உறுத்தி, மூளை அதனை எவ்வாறு ஏற்கின்றது என நோக்கினர். அக்காலத்துள் மூன்று முறை தலையிடி தானே வந்தது. ஒவ்வொரு முறையும், நோவு தொடங்குதற்கு முந்திய நாளிலேயே பரிவகக்கீழ் மிகுந்து தொழிற்பட்டு, மூளைத் தண்டிலுள்ள முக்கிளை நரம்பின் கருவோடு இசைந்து நின்றது. நோவு வந்தபின் அவ்விசைவு வேறிடத்துக்கு மாறிற்று. நோவு வருமுன் மூளையில் அதன் வருகை தெரிந்தது. அம்முப்பது நாளில் எவை நோவுடையன, எவை நோவற்றன என்பதை ஆராய்ச்சியாளர் குறித்துக்கொண்டது அப்பெண்மணியைக் கேட்டே.